அரைக்குரல்

பதினோரு வருஷமாக ஒருத்தி இன்னொருத்திக்குச் சளி பிடிக்கட்டும் என்று காத்திருந்தால் அதைப் பாவம் என்பதா, உத்தியோகம் என்பதா? ஞானசெல்விக்கு அது உத்தியோகம். புதுச்சேரி ஓபரா அரங்கம் அவளுக்குக் கொடுத்த அடையாள அட்டையிலேயே 'மாற்றுப் பாடகி' என்றுதான் அச்சடித்திருந்தது. முதன்மைப் பாடகி ஷந்தாலுக்கு ஒரு நாள் முடியாமல் போனால், பத்தே நிமிஷத்தில் உடுப்பு மாட்டிக்கொண்டு மேடையேற வேண்டியது அவள் பொறுப்பு. அதற்காக ஷந்தாலின் பாட்டு, மற்றவர்களின் பாட்டு, யார் எங்கே நிற்பது, எந்த அடியில் திரும்புவது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். காட்சி நடக்கும் நாட்களில் பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். திரை விழுந்ததும் எழுந்து வீட்டுக்குப் போவாள்.

ஷந்தாலுக்கு ஒரு நாள்கூட முடியாமல் போனதில்லை.

"இந்த மாசம் வில்லியனூர் மாதாவுக்கு எத்தனை மெழுகுவத்திடி ஏத்தினே?" என்று ஒப்பனை நாற்காலியில் இருந்தபடியே ஷந்தால் கேட்பாள்.

"மூணுக்கா. இன்னும் தும்மல்கூட வந்து சேரலை பாருங்க."

"மாதா நம்ம கட்சிடி. வீணா மெழுகைக் கரைக்காதே."

இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் பாதி நிஜம் என்று இருவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் பதினோரு வருஷமும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள முடிந்தது.

அரங்கத்தின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டுபோனது 'உப்பு அரசி' என்ற ஓபரா. நிலமெல்லாம் உப்புப் பூத்துப்போன ஒரு நாட்டின் அரசி, கடைசிக் காட்சியில் வெட்ட வெளியில் தனியாக நின்று மழையைக் கூப்பிடுவாள். 'மழையே, என் மழையே, வா.' அவ்வளவுதான் வரி. ஆனால் அந்த 'வா' உச்சத்தில் போய் நிற்க வேண்டும். கீழே அறுபது வாத்தியம் முழங்கிக்கொண்டிருக்கும். ஓபராவில் மைக் கிடையாது. வெறும் தொண்டையை வைத்துக்கொண்டு, அத்தனை வாத்தியத்துக்கும் மேலே ஏறி, கடைசி வரிசையில் பயறு கொறித்துக்கொண்டிருப்பவன் கையை நிறுத்த வேண்டும். ஷந்தால் அந்த வரியை முழுவதும் ஒரே மூச்சில் பாடுவாள். ஞானசெல்விக்கு அது வராது. 'வா'வுக்கு முன்னால் கண்ணிமைக்கும் நேரம் ஒரு திருட்டு மூச்சு எடுத்தே தீருவாள். காரைக்கால் கோயில் பாடகர் குழுவில் ஒன்பது வயதில் ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம். மாறி மாறி வந்த வாத்தியக் குழு நடத்துநர்கள் எல்லாரும் திட்டிப் பார்த்தும் போகவில்லை.

ஓபரா அரங்கத்தில் ஒரு வழக்கமும் உண்டு. ஒத்திகையில் யாரும் முழுக் குரலில் பாட மாட்டார்கள். சுருதி பிசகாமல், ஆனால் மூச்சின் பலம் கொடுக்காமல், மேலோட்டமாகப் பாடிவிட்டுப் போவார்கள். அதற்கு அரைக்குரல் என்று பெயர். தொண்டை என்பது தினமும் இறைத்துக்கொண்டே இருக்கிற கிணறு அல்ல. சாயங்காலம் காட்சி இருந்தால் பகலில் எந்தக் கொம்பன் கேட்டாலும் முழுக் குரல் வராது. இன்னொன்று, முதன்மைப் பாடகி அரைக்குரலில் பாடும்போது பக்கத்தில் இருப்பவர்களும் அரைக்குரலிலேயே பாட வேண்டும். அவளை அமுக்கிவிட்டு முழுக் குரல் எடுப்பது பந்தியில் மூத்தவர் சாப்பிட்டு முடிக்குமுன் நாம் எழுந்துபோவது மாதிரி.

ஷந்தாலுக்குக் குரல்வளையில் புற்று என்று தெரிந்தது ஜூன் மாதம். செப்டம்பருக்குள் குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். முன்காலமாக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். இப்போது அவளுடைய செல்லில் இருந்தே புதுக் குரல்வளை வளர்த்துப் பொருத்துகிறார்கள். அந்தத் தொண்டைக்குப் பாடக் கற்றுக்கொடுக்க இளம்பரிதி என்ற எஞ்சினியர் வந்தார். ஆரோக்கிய மாதா திருநாள் முடிந்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, அரங்கத்தின் ஒத்திகை அறையில் மூன்றே பேர்: ஷந்தால், ஞானசெல்வி, அவர்.

"புதுத் தொண்டை நல்லா வந்திருக்கு மேடம். ஆனா பச்சைப் புள்ளை மாதிரி. அழக்கூடத் தெரியாது" என்றார் இளம்பரிதி, ஷந்தாலின் கழுத்தில் ஒரு பட்டையும் விலாவில் ஒரு பட்டையும் கட்டிக்கொண்டே. "எந்தத் தசை எப்ப இறுகுது, மூச்சு எவ்வளவு தள்ளுதுன்னு உங்க பழைய தொண்டைகிட்ட இருந்து இன்னைக்கு எழுதி வாங்கிக்கிறோம். அதை அப்படியே புதுசுக்கு ஊட்டிடுவோம். குரல்னு நாம சொல்றதுல முக்கால்வாசி பழக்கம்தான்."

"மீதி கால்வாசி?"

"சதை மேடம்."

"நல்லவேளை, ஆத்மான்னு சொல்லுவீங்களோன்னு பயந்துட்டேன்" என்றாள் ஷந்தால்.

அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. இன்னைக்கு எவ்வளவு பலமாப் பாடுறீங்களோ, அதுதான் எல்லை. அதுக்கு மேல தள்ளினா புதுத் திசு கிழிஞ்சிரும். அதனால பூட்டு வச்சிருக்கோம். கஞ்சத்தனம் பண்ணாம முழுசாப் பாடிடுங்க. நாளைக்குக் காலையில ஆபரேஷன். மறுபடி எடுக்க முடியாது."

பிறகு ஞானசெல்வி பக்கம் திரும்பி அவள் கழுத்திலும் ஒரு பட்டையைக் கட்டினார். "ஒவ்வொரு பாட்டையும் முதல்ல நீங்க பாடுங்க, அப்புறம் அவங்க. ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் இதுல பாட்டு எது, ஆள் எதுன்னு இயந்திரத்துக்குப் பிடிபடும்."

அன்று சாயங்காலம் ஷந்தாலின் விடைபெறும் காட்சி. டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். "என் தொண்டைக்குக் கடைசி நாள் டாக்டர். அதை மிஷினுக்கு மட்டும் படைச்சுட்டுப் போகச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, பாடியே தீருவேன் என்று நின்றாள்.

முதல் பாட்டை ஞானசெல்வி அடக்கமாகவே பாடினாள். அடுத்து ஷந்தால் பாடினாள். நாலாவது வரியிலேயே ஞானசெல்விக்குச் சுருக்கென்றது. அது அரைக்குரல். சுருதி ஊசிமுனை மாதிரி நின்றது, எழுத்து சுத்தம், ஆனால் விலா அசையவில்லை. சாயங்காலக் காட்சிக்கு முன்னால் பகலில் எப்படிப் பாடுவாளோ, அப்படி. இருபது வருஷப் பழக்கம். நாய் காவல் காப்பது போல அவளுடைய உடம்பே அவள் குரலைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

இளம்பரிதி திரையைப் பார்த்துவிட்டு, "சுருதி நூத்துக்கு நூறு மேடம். முழுசாத்தானே பாடுறீங்க?" என்றார்.

"பின்ன?" என்றாள் ஷந்தால்.

அவர் ஞானசெல்வியிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. எனக்குக் கர்னாடகமே தெரியாது, இதெல்லாம் எங்க தெரியப்போகுது? சரியா இருக்கா?"

ஷந்தாலும் அவளைப் பார்த்தாள்.

அந்த ஒரு கணத்தில் ஞானசெல்விக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. இந்தத் தொண்டை திரும்பி வந்தாலும் மேடைக்கு எட்டாது. எட்டாவிட்டால் மாற்று ஆள் வேண்டும். அந்த ஆள் இங்கேதான் நிற்கிறாள்.

"சரியா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் அவளுக்கே விளங்காத காரியம். அடுத்த பாட்டில் இருந்து முழுக் குரல் எடுத்தாள். எடுத்திருக்கக் கூடாது, வழக்கமில்லை. ஆனால் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையில் ஓங்கி நிற்கும் குரல் அவளுடையது. ஒவ்வொரு பாட்டுக்கும் அவள் ஏற ஏற, ஷந்தால் அடங்கி அடங்கிப் பாடினாள். கடைசியில் 'மழையே, என் மழையே' என்று தொடங்கி, அந்தத் திருட்டு மூச்சையும் எடுத்து, 'வா' என்று அவள் விட்டபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இளம்பரிதி ஒரு காதைப் பொத்திக்கொண்டார். ஷந்தால் மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்குடி" என்றாள் மெதுவாக. "உனக்குள்ள இதெல்லாம் இருக்குன்னு சொல்லவே இல்லையே."

சாயங்காலம் ஷந்தால் பாடிய பாட்டை அன்று அரங்கத்தில் இருந்தவர்கள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். பகலெல்லாம் சேர்த்து வைத்ததை ஒரே வீச்சில் கொட்டினாள். கடைசி 'வா'வுக்குப் பின் கைதட்டத் தொடங்கவே ஜனங்களுக்கு நேரம் பிடித்தது. மர ஸ்டூலில் உட்கார்ந்து ஞானசெல்வி அழுதாள். பொய் அழுகை இல்லை. அழுதுகொண்டே, உப்பு அரசியின் வெள்ளை உடுப்பைத் தன் இடுப்புக்கு எவ்வளவு பிடிக்க வேண்டியிருக்கும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

பொங்கல் முடிந்த பிறகு ஷந்தால் பாடிப் பார்க்க வந்தாள். மேடையில் அவள், பியானோவில் ஒருவர். இளம்பரிதி கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டு கையை உயர்த்தினார். ஷந்தால் வாயைத் திறந்தாள். அவர் கையைக் காதில் வைத்தார். நாலு வரிசை முன்னால் வந்தார். மறுபடி நாலு. மூன்றாவது வரிசைக்கு வந்துதான் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. குரல் அழகாகத்தான் இருந்தது. தொட்டில் பிள்ளைக்குப் பாடுகிற அளவுக்கு இருந்தது.

ஏப்ரல் மாதக் காட்சிக்கு முன்கூட்டியே அச்சடித்த விளம்பரத் தாளில் ஞானசெல்வியின் பெயர் ஏறியது. உப்பு அரசி: ஞானசெல்வி. ஒரு தாளைக் காரைக்காலுக்கு அனுப்பினாள். அவள் அம்மா அதைத் தன் தையல்கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, துணி தைக்க வருகிறவர்களிடம் எல்லாம் அளவெடுப்பதற்கு முன்னால் அதைக் காட்டினாளாம்.

மார்ச் ஏழாம் தேதி இயக்குநர் தனராசு அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். இளம்பரிதியும் அங்கே இருந்தார். தூக்கம் இல்லாத முகம்.

"அவங்க பதிவுல பலமே இல்லை. வியாதியால அவ்வளவுதான் வருதுன்னு அன்னைக்கு நெனச்சுட்டேன்" என்றார் அவர். "ஆனா அன்னைக்கு உங்க கழுத்துலயும் ஒரு பட்டை இருந்துச்சு. எல்லாப் பாட்டும். மூச்சுல இருந்து உச்சி வரைக்கும் முழுசா இருக்கு. அதை அவங்க தொண்டைக்கு ஊட்டலாம். பூட்டும் அந்த அளவுக்குத் திறக்கும்."

ஞானசெல்விக்குச் சட்டென்று ஏறவில்லை. "அப்ப அவங்க பாடினா..."

"தொண்டை அவங்களுது. பாடுறது உங்க பழக்கம்."

"பேரு?"

தனராசு தொண்டையைச் செருமிக்கொண்டார். "பேரு ஷந்தால்தாம்மா. ஜனங்க அந்தப் பேருக்குத்தான் வர்றாங்க. ஆனா சட்டப்படி உங்க கையெழுத்து இல்லாம நாங்க தொட முடியாது. முடியாதுன்னா சொல்லுங்க, ஏப்ரல்ல நீங்கதான் மேடையில. பழி சொல்ல யாரும் இல்லை."

பழி சொல்ல யாரும் இல்லை என்ற வார்த்தையோடு அவள் ஒப்பனை அறைக்கு வந்தாள். அங்கே ஷந்தால் அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கிட்டப் போய்க் குனிந்தால்தான் பேச்சு கேட்டது.

"உக்காருடி. சத்தம் போட முடியாது. பூட்டு."

ஞானசெல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரர் எதுவாருக்குக் காது மந்தம், தெரியுமில்ல? கப்பல்ல வேலை பார்த்ததுல போனது. ஆபரேஷன் ஆனதுல இருந்து என் பேச்சு அவருக்குக் கேக்கலை. அடுப்படியில இருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டார். கிட்டப் போய்த் தோளைத் தட்டணும். வீட்டுல நான் ஊமைடி. பாட்டு போனா போகட்டும்னு ஒரு நாள் நெனச்சுக்கலாம். புருஷனைச் சாப்பிடக் கூப்பிட முடியலைன்னா என்ன பண்றது?"

ஞானசெல்வி ஸ்டூலை இன்னும் கிட்ட நகர்த்திக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் பாடினது அரைக்குரல். எனக்குத் தெரியும். முதல் பாட்டுல தன்னால வந்துச்சு. ரெண்டாவதுல தெரிஞ்சே பாடினேன், சாயங்காலத்துக்கு வேணுமேன்னு. ஆனா நடுவுல அவர் உன்னைக் கேட்டப்ப உன் மூஞ்சியைப் பார்த்தேன் பாரு... நீ 'இல்லை'ன்னு சொல்லியிருந்தா முழுசாப் பாடிட்டு, சாயங்காலம் உன்னை மேடையேத்தி விட்டிருப்பேன். சத்தியமா. அதுக்காகத்தான் உன்னைப் பார்த்தேன்."

அறைக்கு வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை ஷந்தால் காத்திருந்தாள். சத்தத்தோடு போட்டி போட அவளால் முடியாது.

"அந்த எஞ்சினியரை ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஏமாத்தினோம். நான் ஒரே ஒரு சாயங்காலத்துக்காக ஏமாத்தினேன். நீ எதுக்காகடி?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காக அவள் நிற்கவில்லை. மெதுவாக எழுந்து, ஞானசெல்வியின் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் ஞானசெல்வி கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள். மறுநாள் காலை போட்டாள். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற இரண்டாம் தாளிலும் போட்டாள். காரைக்காலில் கண்ணாடியில் ஒட்டியதை அவள் அம்மா சுரண்டி எடுத்தாள். பாதிதான் வந்தது.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி ஷந்தால் திரும்பி வந்தாள். அரங்கத்தில் ஊசி போட இடமில்லை. பக்கத்திரைக்குப் பின்னால், அதே மர ஸ்டூலில் உட்கார்ந்து, ஞானசெல்வி மேடையில் இருந்து தன் குரலைக் கேட்டாள். கண்ணை மூடினால் தானே பாடுகிற மாதிரி இருந்தது. அவளுடைய தொண்டைகூடத் தன்னையறியாமல் இறுகி இறுகித் தளர்ந்தது. கடைசிக் காட்சி வந்தது. 'மழையே, என் மழையே...'

ஒரு திருட்டு மூச்சு.

'வா.'

ஜனங்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். மறுநாள் விமர்சனத்தில், 'அழைப்பதற்கு முன் அரசி ஒரு கணம் தயங்குகிறாள். மரணத்தின் வாசல்வரை போய் வந்த ஷந்தாலுக்கே தெரிந்த தயக்கம் அது' என்று எழுதியிருந்தார்கள். நடத்துநர் அந்த மூச்சைச் சிவப்பு மையில் பாட்டுத்தாளிலேயே குறித்து வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் மாடிப்படியில் ஷந்தாலைப் பார்த்தாள். "இப்ப எதுவார் அண்ணனுக்குக் கேக்குதாக்கா?" என்று கேட்டாள்.

"கேக்குது." இப்போது அவள் பேச்சு படி முழுவதும் கணீரென்று ஒலித்தது. "சாப்பிடக் கூப்பிட்டா உடனே வந்துடறார். ஆனா வர்றப்ப சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கிட்டு வர்றார்டி. யாரோ விருந்தாளி கூப்பிட்ட மாதிரி."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். அந்தச் சிரிப்பும் ஞானசெல்வியுடையதாக இருந்தது. இரண்டு பேரும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் தனராசு மறுபடி கூப்பிட்டார். வளர்த்த தொண்டைக்குச் சளி பிடிக்காது. வீக்கம் வராது. பன்னிரண்டு வருஷத்துக்குக் குறையில்லை என்று இளம்பரிதி எழுதிக் கொடுத்திருக்கிறார். "இனிமே மாத்து ஆள் எதுக்கும்மா? நீங்களே சொல்லுங்க" என்றார். அவள் என்னத்தைச் சொல்வாள்? அடையாள அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

கொழும்பில் புதிதாக ஓர் ஓபரா அரங்கம் திறந்து குரல் தேர்வு வைத்திருந்தார்கள். நவம்பரில் போனாள். மூன்று பேர் கொண்ட குழு. நடுவில் இருந்த நரைத்த அம்மாள் முகத்தில் நல்ல கனிவு இருந்தது. ஞானசெல்வி கேட்டதைப் பாடினாள், கேட்காததையும் பாடினாள். கடைசியில் உப்பு அரசியைப் பாடினாள். வாழ்க்கையில் முதல் முறையாக, எதிரே ஆட்கள் உட்கார்ந்து கேட்க, எதையும் மிச்சம் பிடிக்காமல் முழுக் குரலில் பாடினாள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்ல தொண்டை தங்கச்சி. உச்சமெல்லாம் அந்த மாதிரி, திறமா இருக்கு" என்றார் அந்த அம்மாள். "ஆனா ஒண்டு சொன்னாக் கோவிக்கக் கூடாது. ஷந்தாலை அப்பிடியே பிரதி எடுத்து வச்சிருக்கிறீர். அந்த 'வா'வுக்கு முன்னால எடுக்கிற மூச்சு மட்டும் எண்டாலும் விட்டிருக்கலாம். அது அவ செத்துப் பிழைச்சுக் கண்டுபிடிச்சது. அதையும் எடுக்கலாமோ?"

ஞானசெல்வியின் வாய்வரை உண்மை வந்தது. கையெழுத்துப் போட்ட இரண்டாம் தாளும் கூடவே வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"பயப்பிடாதையும். உம்மளைத் திருப்பி அனுப்ப எங்களுக்கு மனமில்லை" என்றார் அந்த அம்மாள். "ஷந்தாலை மறந்துபோட்டு, உம்மட சொந்தக் குரலில ஒருக்காப் பாடிக் காட்டும். எங்களுக்கு அது காணும், வேறயொண்டும் வேண்டாம்."

சொந்தக் குரல். ஞானசெல்வி கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். உச்சம், கனம், மூச்சு, எதை எடுத்தாலும் அது இப்போது ஷந்தாலுடையது. உலகமே கேட்டுவிட்டது. யாரும் கேட்காததாக அவளிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான். பதினோரு வருஷமாக ஒத்திகை அறைகளில் பாடி வந்த அரைக்குரல்.

விலா அசையாமல், சுருதி பிசகாமல், அவள் பாடத் தொடங்கினாள். 'மழையே, என் மழையே' என்ற வரி முழுவதும் ஒரே மூச்சில் வந்தது. அப்படி அவளுக்கு வந்ததே இல்லை.

மூன்று பேரும் மேஜைமேல் சாய்ந்து காதைத் தீட்டினார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த அம்மாள் கையை உயர்த்தினார்.

"தொடங்கும் தங்கச்சி" என்றார். "நாங்கள் ஆயத்தம்."